நிமிர்த்திய இரும்பு

கண்டக்குழிக் கரையில் பிறந்தும் அன்ரனிப்பிள்ளை கடலுக்குப் போனது ஒரே ஒரு தடவைதான். சின்ன வயதில் இடது காதில் வந்த சீழ் ஆறாமல் கிடந்து, காதையும் கெடுத்து, தலை நிலைகொள்கிற பலத்தையும் கொண்டுபோய்விட்டது. படகு ஆழத்துக்கு வந்ததும் வலையின்மேல் குப்புற விழுந்தவர், கரை தட்டும்வரை எழும்பவே இல்லை. அவருடைய அப்பா ஏசவில்லை. "இவன் கரைக்குத்தான்" என்று மட்டும் சொன்னார். மீன்பிடிக்கிற குடும்பத்தில் அதைவிடப் பெரிய ஏச்சு வேறில்லை.

கரையில் இருக்கிறவனுக்கும் ஒரு தொழில் வேண்டும். புத்தளம் பட்டணத்தில் வாகனம் திருத்துகிற ஒரு கராச்சில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவரைவிட இரண்டு வயது மூத்த பாறூக் ஏற்கெனவே வேலை பழகிக்கொண்டிருந்தார். தில்லையடிக்காரர். அன்ரனிப்பிள்ளை அவரை அண்ணன் முறையில் "நானா" என்றே கூப்பிடுவார். வாய் ஓயாத மனிதர். அன்ரனிப்பிள்ளையோ கதை குறைவு. ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியை நல்ல காதில் அழுத்திக்கொண்டு, எந்த இடத்தில் தட்டுகிறதென்று கண்டுபிடிப்பார். இரண்டு பேரும் ஒரே பார்சலில் பகல் சாப்பாடு சாப்பிட்டார்கள். பாறூக்குக்கு மீன் பொரியல், அன்ரனிப்பிள்ளைக்குக் கத்தரிக்காய். அந்தப் பங்கு பிரிப்பு வருடக்கணக்கில் மாறவில்லை.

பிறகு பாறூக் சவூதிக்குப் போனார். திரும்பி வந்து, கலியாண வீடுகளுக்குக் கதிரையும் கூடாரமும் வாடகைக்குக் கொடுக்கிற கடை போட்டார். அவருடைய வாப்பா விட்டுப்போன பழைய மொறிஸ் மைனர் காரும் அந்தக் கடையோடு ஓடியது. பால் நிறம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மாப்பிள்ளை எந்தச் சமயத்தவர் என்றாலும், பொம்பிளையைக் கூட்டிவர அந்தக் காரைத்தான் கேட்டார்கள்.

அன்ரனிப்பிள்ளை கண்டக்குழிக்கே திரும்பி, வீட்டு வளவுக்குள் தகரக் கொட்டில் ஒன்று அடித்து, படகு எஞ்சின்களைத் திருத்தத் தொடங்கினார். எமிலியாவைக் கலியாணம் செய்தார். பிள்ளைகள் பெரிதாகி வெளிநாட்டுக்கும் நீர்கொழும்புக்குமாகப் போனார்கள். கொட்டிலில் வேலை குறையவே இல்லை. காரணம், சந்தேகமான சாமான் எதையும் அவர் எஞ்சினுக்குள் போடமாட்டார். "இன்னும் ஒரு சீசனுக்கு இழுக்கும், போட்டு விடண்ணை" என்று எவ்வளவு கெஞ்சினாலும் கேட்கமாட்டார்.

"கடலில எஞ்சின் நிண்டா இறங்கித் தள்ள ஏலாது" என்பார். அதோடு கதை முடியும்.

அவருக்கும் பாறூக்குக்கும் இருந்த உறவு வெறும் பழக்கமல்ல. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கரையோரமெங்கும் முஸ்லிம் கடைகளை அடித்த நாட்களில், பாறூக் யாரிடமும் சொல்லாமல் மொறிஸைக் கண்டக்குழிக்கு ஓட்டிவந்தார். அன்ரனிப்பிள்ளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காரைக் கொட்டிலுக்குள் விட்டு, மேலே பழைய வலையைப் போட்டு மூடினார். கோயிலால் வந்த சில பெடியள் வளவு வாசலில் நின்று, "உள்ள என்ன அண்ணை மூடி வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டார்கள். "என்ர வலை" என்றார். எமிலியா அன்று முழுக்க வாசலைவிட்டு அசையவில்லை. நிலைமை தணிந்து காரை எடுக்க வந்தபோது பாறூக் அழுதார். அழுகிற ஆம்பிளையை எப்படிப் பார்ப்பதென்று தெரியாமல் அன்ரனிப்பிள்ளை காரின் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

*

தில்லையடிக்குள் வெள்ளம் ஏறிய மாரியில் மொறிஸும் தண்ணீருக்குள் நின்றது. வெள்ளம் வடிந்த அன்றே பாறூக் அவசரப்பட்டு அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். கராச்சில் வேலை பழகியவர், செய்யக்கூடாதென்று தெரிந்தவர். ஆனால் காரைப் பார்த்த தவிப்பில் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே விடாமல் சாவியைத் திருப்பிவிட்டார். உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம். அதோடு எஞ்சின் இறுகிப்போனது.

லொறியில் ஏற்றிக் கண்டக்குழிக்குக் கொண்டுவந்தார்கள். அன்ரனிப்பிள்ளை எஞ்சினை இறக்கிப் பிரித்தார். சிலிண்டர்ச் சுவரில் துரு கடித்திருந்தது. மூன்றாம் சிலிண்டரின் கொன் றொட் வளைந்திருந்தது. பிஸ்ரனுக்கும் கீழே சுழலுகிற கிராங்குக்கும் நடுவில் நின்று, ஒன்றின் உதைப்பை மற்றதுக்குக் கொடுக்கிற ஒரு சாண் நீள இரும்புக் கைதான் இந்த றொட். பிஸ்ரன் மேலே வரும்போது அங்கே காற்று இருந்தால் அமுங்கும். தண்ணீர் அமுங்காது. அப்போது வளைவது இந்தக் கைதான்.

"காற்றுப்போல ஒரு வளைவுதானே அன்ரனி. கண்ணுக்கே தெரியல்ல" என்றார் பாறூக்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா ஆரும் போடமாட்டான் நானா. தெரியாததுதான் கேடு."

சிலிண்டர்களைப் பட்டணத்தில் லேத்துக்குக் கொடுத்து, ஒரு சைஸ் பெரிதாகக் கடைந்து எடுத்தார்கள். அதற்கு ஏற்ற பிஸ்ரன் வேண்டும். பாறூக்கின் மச்சான் ஒருவர் கொழும்பிலிருந்து பளபளக்கிற ஒரு செற்றைக் கொண்டுவந்தார். ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுகிற சாதியாம். பாறூக் அதைக் கையில் வைத்து நகை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்ரனிப்பிள்ளை ஒன்றை எடுத்து அதன் தலையைத் தடவிவிட்டுத் திரும்ப வைத்தார். "தலை மட்டமாக் கிடக்கு. உள்ள அமுக்கம் கூடும். இஞ்சத்தைப் பெற்றோலுக்குத் தட்டத் தொடங்கும், அந்தத் தட்டெல்லாம் றொட்டிலயும் கிராங்கிலயும்தான் இறங்கும். கிழவனுக்குப் பெடியன்ர சப்பாத்தைப் போட்டு ஓட விடுறதே?"

பாறூக் சிரித்தார். பழையபடி, தலையில் கிண்ணம்போலக் குழிவுள்ள சாதாரண பிஸ்ரன்களையே எடுப்பித்தார்கள். நாலும் ஒரே நிறையில் இருக்கவேண்டும். ஒன்று கனத்தால் எஞ்சின் ஓட ஓட ஆடும். அன்ரனிப்பிள்ளையிடம் அதற்குத் தராசு இல்லை. எமிலியா கேக் செய்கிறவள். சுற்றுவட்டாரத்தில் கோயிலில் பிள்ளைகள் எடுக்கிற முதல் நன்மைக்கும் கலியாணத்துக்கும் அவளுடைய கேக்தான். அவளுடைய சின்ன மின்தராசைக் கொட்டிலுக்குள் கொண்டுபோனார்.

"பட்டர் நிறுக்கிற தட்டில எண்ணெய் இரும்பை வைக்கிறீங்களே!"

"பேப்பர் போட்டுத்தான் வச்சனான்."

"பேப்பருக்குள்ளால எண்ணெய் போகாதாக்கும்."

ஏசினாலும் அவளே பக்கத்தில் நின்று எண்ணை வாசித்துச் சொன்னாள். கனமான பிஸ்ரனின் உட்புறத்தில், பலம் குறையாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் உரசி, நாலையும் ஒன்றாக்கினார். அந்த வேலையில் இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து சந்தோசமாக இருந்ததை நான் எழுதுகிற கடைசி இடம் இதுதான்.

பிஸ்ரன் சரி. றொட்தான் கிடைக்கவில்லை.

சிலாபத்தில் பழைய வாகனம் உடைக்கிற ஒரு வளவில் ஒரு செற் இருந்தது. ஆனால் அது அதே காரின் முந்திய எஞ்சினுடையது. பிஸ்ரன் பின்னைப் பிடிக்கிற விதமே வேறு. குருணாகலில் கிடைத்த ஒன்று சரியான சாதி, ஆனால் போல்ட் ஏறுகிற இடத்தில் துரு குழி பறித்திருந்தது. அன்ரனிப்பிள்ளை அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பாறூக்கின் சொந்தக்காரர் ஒருவர் மூலம் இங்கிலாந்துக்குச் சொல்லி, புதுச் செற் ஒன்று அனுப்புவித்தார்கள். அது கப்பலில் வரவேண்டும்.

இதற்கிடையில் பாறூக்கின் மகள் கமீலாவுக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை அஸ்ஜத், கற்பிட்டியில் ஐஸ் பக்டரியில் வேலை, அமைதியான பிள்ளை. நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ். பார்சலோ துறைமுகத்தில் எங்கேயோ கிடந்தது. இன்று வரும் நாளை வரும் என்று சொல்லிச் சொல்லி, கலியாணத்துக்கு முந்திய கிழமையும் வந்துவிட்டது.

பாறூக் கொட்டிலுக்கு வந்து, வாங்கில் உட்காராமல் நின்றார்.

"அன்ரனி, அந்த வளைஞ்ச றொட்ட லேத்துல பிரெஸ்ஸில வச்சி நிமிர்த்தி எடுத்திட்டு வந்திரிக்கேன். நீயே வச்சிப் பாரு. நூல் புடிச்ச மாதிரி இரிக்கி."

அன்ரனிப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. இரண்டு கண்ணுக்குள்ளும் கம்பி விட்டு அளந்தார். வித்தியாசமே இல்லை.

"நானா, ஒருக்கா வளைஞ்சு நிமிர்ந்த இரும்புக்குள்ள என்ன நடந்திருக்கெண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நீங்களும் இந்த வேலை பழகினனீங்கதானே."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறேன். வாப்பாட காருலதான் எங்கட உம்மா வந்தா. என்ட பொஞ்சாதி நஃபீஸாவும் அதுலதான் வந்தா. என்ட மகள் வாடகை வேனிலயா போவணும்? ஒரே ஒரு நாள். தில்லையடியில இருந்து கற்பிட்டிக்கு. அடுத்த நாளே கொண்டாந்து உன்ட கையில தாறேன். புது றொட் வந்தொடன மாத்து. அல்லாஹ் மேல சத்தியமா."

அன்ரனிப்பிள்ளை றொட்டை வாங்கில் வைத்தார். அப்போது நினைத்ததை எமிலியாவிடம் பல மாதம் கழித்துத்தான் சொன்னார்: கடலுக்குப் போற எஞ்சின் எண்டா செத்தாலும் போட்டிருக்கமாட்டன். இது ரோட்டில ஓடுற கார். நிண்டா இறங்கித் தள்ளலாம் எண்டு நினைச்சன்.

"மெதுவா ஓட வேணும்" என்றார் கடைசியில். "ஒரு நாள்தான்."

அந்த றொட்டோடு எஞ்சினைச் சேர்த்துப் பூட்டினார். மூன்றாம் சிலிண்டரின் நட்டை இறுக்கும்போது கை ஒருதரம் நின்றது. பிறகு இறுக்கியது.

*

கலியாணத்துக்கு அவரும் எமிலியாவும் போனார்கள். எமிலியா மூன்று தட்டுக் கேக் ஒன்று செய்து கொண்டுபோனாள். மொறிஸ் மல்லிகைச் சரத்தோடு வாசலில் நின்றது. கமீலா ஏறி உட்கார்ந்ததும் பாறூக் கையைத் தூக்கி அன்ரனிப்பிள்ளையைப் பார்த்து ஆட்டினார். கார் ஒரு இருமல் இல்லாமல் புறப்பட்டது. அன்ரனிப்பிள்ளை, பலர் கூடிச் சாப்பிடுகிற சகன் தட்டில் கை வைக்கவில்லை. கற்பிட்டியிலிருந்து, போய்ச் சேர்ந்தாச்சு என்று போனில் கோல் வந்த பிறகுதான் பிரியாணியைத் தொட்டார்.

அடுத்த நாள் கார் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்ரனிப்பிள்ளை கோல் எடுத்தார்.

"விருந்து ஓடிக்கிட்டிரிக்கி அன்ரனி. புள்ளைகள் அங்கயும் இங்கயும் போவணும். அடுத்த கிழம."

அடுத்த கிழமை, "நல்லாத்தான ஓடுது. நீ பூட்டினதெண்டா சும்மாவா" என்றார். அதற்குப் பிறகு புது றொட்டும் வந்து சேர்ந்துவிட்டது. அன்ரனிப்பிள்ளை அதைச் சொல்லவும் ஒருதரம் எடுத்தார். பாறூக், "நாளைக்குக் கொண்டாறேன்" என்றார். மருமகனுக்கு அந்தக் கார்மேல் ஆசை, மகள் அதில் வந்து இறங்குவதைப் பார்க்கத் தகப்பனுக்கு ஆசை. கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கொட்டிலில் போட அவருக்கு மனம் வரவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நாளைக்கு என்று ஒன்று இருக்கும் என்று நம்பினார், அவ்வளவுதான்.

அன்ரனிப்பிள்ளை ஒருநாள் பஸ் ஏறிப் போய் காரைத் தானே எடுத்து வருவோமா என்று நினைத்தார். படகு எஞ்சின் ஒன்று அவசரமாக வந்தது. போகவில்லை.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். தில்லையடியில் உம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கமீலாவும் அஸ்ஜத்தும் கற்பிட்டிக்குத் திரும்பினார்கள். பாலாவி தாண்டி, உப்பு வாய்க்கால்கள் முடிகிற இடத்தில் எஞ்சினுக்குள் சம்மட்டியால் அடித்ததுபோலச் சத்தம் கேட்டதாம். கார் இழுபட்டு ஓரத்தில் நின்றது. பொனற் மூடியின் விளிம்பால் புகை வந்தது. இரண்டு பேரும் இறங்கித் தூரப் போய்விட்டார்கள். கமீலாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அஸ்ஜத் திரும்பிப் போனான். மாமனாரின் கார், அவருடைய வாப்பாவின் கார். எரிய விட அவனுக்கு மனமில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய் பொனற்றைத் திறந்தான்.

முறிந்த றொட் எஞ்சின் புளொக்கைத் துளைத்து வெளியே வந்திருந்தது. பெற்றோல்க் குழாயையும் அறுத்திருந்தது. சாவி போட்டபடியே இருந்ததால் மின்பம்ப் நிற்காமல் பெற்றோலை அடித்துக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் எல்லாம் ஒன்றாகப் பற்றி அவன் முகத்திலும் நெஞ்சிலும் எழுந்தது.

வெங்காயம் ஏற்றி வந்த லொறிக்காரர்கள் மண்ணை அள்ளிப் போட்டு அவனை இழுத்தார்கள். புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு மாற்றினார்கள். ஒரு கிழமைபோல உயிர் கிடந்தது. பிறகு போய்விட்டது.

*

பொலிஸ் வளவில் நின்ற எரிந்த காரை அன்ரனிப்பிள்ளை போய்ப் பார்த்தார். புளொக்கின் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். எத்தனையாவது சிலிண்டர் என்று எண்ணத் தேவையிருக்கவில்லை. முறிந்த துண்டு அடித்தட்டில் கிடந்தது. முறிவின் பாதி பழுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது. பழுப்பு, நெடுநாளாக உள்ளே வெடித்துக்கொண்டு வந்த இடம். வெள்ளை, கடைசி நிமிசத்தில் பிய்ந்த இடம்.

பொலிஸ்காரரிடம், "நான் போட்ட சாமான்தான் இது. போடக்கூடாத சாமான்" என்றார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பழைய வாகனம்தானே ஐயா, எண்ணெய் கசிந்திருக்கும்" என்று சிங்களத்தில் சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டார். விசாரணையிலும் விபத்து என்றே முடிந்தது.

தில்லையடிக்கு அவர் போனபோது கமீலா இத்தாவில் இருந்தாள். புருசனை இழந்த பெண் அந்நிய ஆம்பிளை முகம் பார்க்கக்கூடாத மாதங்கள். முன் அறையில் பாறூக் கதிரையில் இருந்தார். உள் வாசலில் பச்சைத் திரை தொங்கியது. நஃபீஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரைக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது.

"அங்கிள், நீங்க வந்திரிக்கிறதா உம்மா சொன்னா. எனக்கு ஒரு விசயம் தெரியணும். அந்த இரும்பு ஏன் முறிஞ்ச?"

அன்ரனிப்பிள்ளை பாறூக்கைப் பார்த்தார். பாறூக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி நெற்றிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"அது வெள்ளத்தில வளைஞ்சது பிள்ளை. நிமிர்த்தினது. அதைத் திரும்பப் போடக்கூடாது. நான் போட்டன்."

"தெரிஞ்சா போட்டீங்க?"

"ஓம். தெரிஞ்சுதான் போட்டன்."

திரை அசையவில்லை. "ஏன்?" என்று கேட்டாள்.

அன்ரனிப்பிள்ளைக்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் அதே அறையில் கதிரையில் இருந்தது. ஒருதரம் வாய் திறந்தால் போதும். அவர் திறக்கவில்லை. அவள் புருசனை இழந்துவிட்டாள். வாப்பாவையும் எடுக்கவேணுமா என்று நினைத்தார்.

"என்ர பிழை பிள்ளை" என்றார். "வேற ஒண்டும் இல்ல."

உள்ளே ஒரு கதவு சாத்தப்பட்டது. பாறூக் தலையை நிமிர்த்தவே இல்லை. அன்ரனிப்பிள்ளை எழும்பிப் போனபோது வாசல் படலை வரைக்கும் பின்னால் வந்தார். "அன்ரனி..." என்று தொடங்கினார்.

"வேண்டாம் நானா. உள்ள போங்க."

*

"தெரிஞ்சே போட்டானாம்" என்ற கதை பஸ்ஸைவிட வேகமாகக் கண்டக்குழிக்கு வந்தது. யாரும் கல்லெறியவில்லை. பள்ளிவாசல் ஆட்களும் பாதரும் பேசி, அது சமயச் சண்டையாக மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் படகுக்காரர்கள் எஞ்சின்களை எடுத்துக்கொண்டு போனார்கள். திருத்தி முடியாததைக்கூட எடுத்தார்கள். அவர்களில் குற்றம் சொல்ல ஏலாது. கடலுக்குப் போகிறவன் அப்படிப்பட்ட கையில் எதை நம்பிக் கொடுப்பான்? எமிலியாவின் கேக்குக்கும் ஆட்கள் குறைந்தார்கள். செத்த வீட்டோடு சேர்ந்த கேக் என்று யாரோ சொன்னார்களாம். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் வழமையாக இருக்கிற பெண்கள் வாங்கு மாறி இருந்தார்கள்.

எமிலியாவுக்கு எல்லாம் தெரியும். பாறூக் சத்தியம் பண்ணியபோது அவள் கொட்டில் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கோல் எடுத்து எடுத்து அன்ரனிப்பிள்ளை களைத்ததையும் பார்த்தவள்.

"அந்த மனுசன் ஒரு சொல்லுச் சொல்லலாம்தானே" என்றாள் ஒருநாள். "ஒரே ஒரு சொல்லு."

"அவர் சொன்னா என்ன, அஸ்ஜத் வருவானே?"

"அவன் வரமாட்டான். நீங்க வருவீங்க. இப்ப இருக்கிறது நீங்களில்ல."

அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாள் எமிலியா அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறித் தில்லையடிக்குப் போனாள். பாறூக் கடையில் இருந்த நேரம். நஃபீஸா கதவைத் திறந்தாள். எமிலியா உள்ளே போய் உட்காராமலே, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். ஒரு நாள் என்று சத்தியம் பண்ணியது, புது றொட் வந்தது, கோல் எடுத்தது, நாளைக்கு நாளைக்கு என்று சொன்னது.

நஃபீஸா இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும், "எனக்குத் தெரியும் எமிலியா. அவரு போன்ல சொல்றத எல்லாம் நா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "தெரிஞ்சிக்கிட்டே நாலு மாசமா அவருக்குச் சோறு போடுறேன்."

பொம்பிளைகள் மட்டும் என்றபடியால் திரையை ஒதுக்கி விட்டிருந்தார்கள். உள் அறை வாசலில் கமீலா நின்றாள். வெள்ளை உடுப்பு. எமிலியாவைப் பார்க்கவில்லை. உம்மாவைத்தான் பார்த்தாள். கலியாணத்தன்று கேக்கின் முதல் துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடிச் சிரித்த பிள்ளை அது என்று நம்புவது எமிலியாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்களுமா உம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

இத்தா முடிந்ததும் கமீலா கற்பிட்டிக்கு, அஸ்ஜத்தின் தாயிடம் போய்விட்டாள். அந்த மனுசிக்கு அவன் ஒரே பிள்ளை. இரண்டு பெண்களும் இப்போது ஒரு வீட்டில் இருக்கிறார்கள். தையல் மெசின் ஒன்று ஓடுகிறது. பாறூக் போனால் தேத்தண்ணி கிடைக்கும். மகள் முன்னுக்கு வரமாட்டாள்.

பாறூக் ஒருமுறை கண்டக்குழிக்கு வந்தார். மெலிந்திருந்தார். கொட்டிலுக்குள் வராமல் படலைக்கு வெளியே நின்றே பேசினார்.

"நா அவகிட்ட சொல்லத்தான் இருந்தேன் அன்ரனி. என்ட வாயால சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பா. உன்ட பொஞ்சாதி வாயால கேட்டுட்டா. இனி எனக்கு மகள் இல்ல."

அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அன்ரனிப்பிள்ளை கையில் இருந்த துணியால் விரல்களைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பாறூக் திரும்பி நடந்தார். வெயில் கடுமையாக இருந்தது. தண்ணீர் வேணுமென்று அவரும் கேட்கவில்லை, குடிக்கிறீங்களா என்று இவரும் கேட்கவில்லை.

அன்றைக்கு எமிலியாவிடம், "நீ போயிருக்கக்கூடாது" என்றார்.

"நீங்க போட்டிருக்கக்கூடாது" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. மற்றவற்றைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை.

*

படகு எஞ்சின் வராவிட்டாலும் நுரைச்சோலைப் பக்கத் தோட்டக்காரர்கள் சிலர் தண்ணீர் பம்புகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றின் எஞ்சின்கள் சின்னவை, ஒரு பிஸ்ரன், ஒரு றொட். அன்ரனிப்பிள்ளைக்கு முன்பு அரை நாள் வேலை. இப்போது முடியவில்லை. பூட்டி முடித்து, கயிற்றை இழுத்து, நன்றாக ஓடும். நிறுத்துவார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஸ்பானரை எடுத்துத் திரும்பவும் கழற்றுவார். றொட்டை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். பூட்டுவார். மறுபடியும் கழற்றுவார்.

வன்னியிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து குடியிருக்கிற சிவகுரு என்பவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுகிற பம்பைக் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. முதல் தடவை வந்தபோது பம்ப் பிரிந்து கிடந்தது. சரி என்று போனார். அடுத்த தடவை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அன்ரனிப்பிள்ளை தரமாட்டேன் என்றார். "ஒருக்கா திறந்து பார்த்திட்டுத் தாறன்."

மூன்றாம் தடவை அவர் வந்தது காற்று அள்ளி அடிக்கிற ஒரு காலையில். பம்ப் மீண்டும் பிரிந்து, சாக்கின்மேல் கிடந்தது.

"அண்ணை, தோட்டம் காயுது" என்றார் சிவகுரு. "என்ன பிழை இதில?"

"பிழை ஒண்டும் தெரியேல்ல."

"அப்ப ஏன் கழட்டினனீங்க?"

அன்ரனிப்பிள்ளை சாக்கில் கிடந்த றொட்டை எடுத்து, துணியால் துடைத்து, திரும்பவும் அங்கேயே வைத்தார்.

சிவகுரு மோட்டார் சைக்கிளில் இருந்து வெறும் உரப்பை ஒன்றை எடுத்து வந்தார். குந்தியிருந்து, பம்பின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதற்குள் போட்டார். கோபமில்லை. செத்த வீட்டில் சாமான் ஒதுக்குகிறவர்போல மெதுவாகச் செய்தார். நட்டுகளை ஒரு சொப்பிங் பையில் தனியாகப் போட்டு முடிந்தார். அன்ரனிப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, மோட்டார் சைக்கிளின் பின் கரியரில் வைக்க உதவினார். கயிறு கட்டி முடியும்வரை பையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தார்.

"வாறன் அண்ணை."

"ஓம்."

மோட்டார் சைக்கிள் மணல் ஒழுங்கையால் போய்த் தார் ரோட்டில் ஏறியது. குசினிக்குள் எமிலியா பானை ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்ரனிப்பிள்ளை கொட்டிலுக்குள் திரும்பி, வெறும் சாக்கை உதறி மடித்து வைத்தார். பிறகு தகரக் கதவை இழுத்துச் சாத்தி, வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலில் நின்றார்.